வடிவொத்த செவ்வகங்களில் அறியாப் பக்க அளவைக் காணுதல்: விகிதசமத்தின் பயனும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

வடிவொத்த இரு செவ்வகங்களின் நான்கு பக்க அளவுகளுள் மூன்று தெரிந்தால் நான்காவதை விகிதசமத்தின் வழியே கண்டறியலாம். பள்ளிக் கணிதத்தில் இது பெரும்பாலும் குறுக்குப் பெருக்கல் என்னும் செயல்முறையாகவே பயிலப்படுகிறது. எந்த மூன்று எண்களைக் கொடுத்தாலும் அச்செயல்முறை நான்காவது எண் ஒன்றைத் தந்துவிடும். அந்த எண் பொருளுடையதா என்பதை அது உணர்த்தாது. செவ்வகங்கள் வடிவொத்தவைதாமா, எந்தப் பக்கத்திற்கு எந்தப் பக்கம் ஒத்தது என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே விகிதசமம் பயன்தரும் என்பதை இந்திய தேசியக் கொடியின் அளவுகள், ஏ வரிசைத் தாள் அளவுகள் ஆகிய இரு சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வடிவொத்த செவ்வகம், விகிதம், விகிதசமம், ஒத்த பக்கம், குறுக்குப் பெருக்கல், அளவுக் காரணி, தேசியக் கொடி, தாள் அளவு.

முன்னுரை

ஒரே வகையான இரு அளவுகளை வகுத்தல் வழி ஒப்பிடுவது விகிதம். இரு விகிதங்கள் சமமாக இருப்பது விகிதசமம். அ : ஆ = இ : ஈ என்னும் விகிதசமத்தில் அ, ஈ ஆகியவை முனை மதிப்புகள்; ஆ, இ ஆகியவை நடு மதிப்புகள். முனை மதிப்புகளின் பெருக்கற்பலன் நடு மதிப்புகளின் பெருக்கற்பலனுக்குச் சமம். எனவே மூன்று மதிப்புகள் தெரிந்தால் நான்காவது தானே கிடைக்கும்.

இவ்விதி பழமையானது. கி.பி. 499இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில் ஆரியபட்டர் இதனைத் திரைராசிகம் என்னும் பெயரால் கூறுகிறார். தெரிந்த அளவு பிரமாணம் எனவும், அதற்குரிய பயன் பலம் எனவும், வினவப்படும் அளவு இச்சை எனவும் வழங்கப்பெறும். பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். இம்முறையில் பிரமாணமும் இச்சையும் ஒரே இனத்தைச் சேர்ந்த அளவுகளாக இருத்தல் வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. வடிவியலுக்கு வரும்போது இந்நிபந்தனையே ‘ஒத்த பக்கங்களை ஒப்பிடுக’ என்னும் விதியாகிறது. மாணவர்கள் இவ்விதியில் பெருக்கலையும் வகுத்தலையும் எளிதில் கற்றுக்கொள்கின்றனர். நிபந்தனையை மறப்பதே தவறுகளுக்கு வழிவகுக்கிறது.

செவ்வகத்தின் தனித்தன்மை

இரு பலகோணங்கள் வடிவொத்தவையாக இருக்க, ஒத்த கோணங்கள் சமமாகவும் ஒத்த பக்கங்கள் ஒரே விகிதத்திலும் அமைய வேண்டும். முக்கோணத்தில் இவ்விரு நிபந்தனைகளுள் ஒன்று நிறைவேறினாலே மற்றொன்று தானாக நிறைவேறிவிடும். கோணங்கள் சமம் எனக் காட்டிவிட்டால் பக்கங்களைத் தனியே ஆராய வேண்டியதில்லை.

செவ்வகத்தின் நிலை வேறு. எல்லாச் செவ்வகங்களுக்கும் நான்கு கோணங்களும் 90 பாகையே. ஆகவே கோணச் சமன்பாடு செவ்வகங்களைப் பற்றி எதையும் அறிவிப்பதில்லை. 6 × 4 செவ்வகமும் 6 × 1 செவ்வகமும் கோணங்களால் ஒன்றே; வடிவத்தால் வேறு. செவ்வகத்தின் வடிவத்தை முழுமையாகத் தீர்மானிப்பது நீளத்திற்கும் அகலத்திற்கும் உள்ள விகிதம் மட்டுமே. முக்கோணங்களைப் பயின்று பழகிய மாணவர், கோணங்கள் சமம் என்பதைக் கண்டவுடன் செவ்வகங்களையும் வடிவொத்தவை என முடிவு செய்வது இதனால்தான் தவறாகிறது.

இங்குக் கலைச்சொல் சார்ந்த ஒரு சிக்கலும் கருதத்தக்கது. ‘வடிவொத்த’ என்னும் சொல்லிலும் ‘ஒத்த பக்கம்’ என்னும் தொடரிலும் ‘ஒத்த’ என்னும் ஒரே சொல் வருகிறது. முன்னதில் அது வடிவம் ஒன்றாயிருத்தலைக் குறிக்கிறது. பின்னதில் ஓர் உருவின் பக்கம் மற்றோர் உருவின் எந்தப் பக்கத்திற்கு இணையான இடத்தில் உள்ளது என்பதைக் குறிக்கிறது. பேச்சு வழக்கில் ‘ஒத்த’ என்பது ‘போன்ற’ என்னும் பொருளிலும் வழங்குவதால், ஒத்த பக்கங்கள் என்றால் சம அளவுள்ள பக்கங்கள் என மாணவர் கொள்ள இடமுண்டு. இவ்வேறுபாட்டைப் பாடத் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டுடன் பிரித்துக் காட்டுவது நலம்.

அறியாப் பக்கத்தைக் காணும் இரு வழிகள்

இந்திய தேசியக் கொடியின் நீளத்திற்கும் அகலத்திற்கும் உள்ள விகிதம் 3 : 2 என இந்தியக் கொடி விதித்தொகுப்பு (2002) வரையறுக்கிறது. கொடிக்கு ஒன்பது நிலையான அளவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று 1800 × 1200 மி.மீ. மற்றொரு கொடியின் நீளம் 2700 மி.மீ. எனில் அதன் அகலம் என்ன? இதற்கு இரு வழிகளில் விடை காணலாம்.

முதல் வழி, இரு செவ்வகங்களின் ஒத்த பக்கங்களை ஒப்பிடுவது. 2700 ÷ 1800 = 1.5. இதுவே அளவுக் காரணி. அகலத்தையும் இதனால் பெருக்க, 1200 × 1.5 = 1800 மி.மீ.

இரண்டாம் வழி, ஒரே செவ்வகத்திற்குள் நீளத்தையும் அகலத்தையும் ஒப்பிடுவது. அகலம் நீளத்தில் மூன்றில் இரு பங்கு. 2700இல் மூன்றில் இரு பங்கு 1800 மி.மீ.

இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. ஆயினும் இரண்டும் வெவ்வேறு செய்திகளைக் கூறுகின்றன. முதல் வழியில் கிடைக்கும் 1.5 என்னும் எண் இரு கொடிகளுக்கு இடையிலான உறவு. வேறொரு கொடியை எடுத்தால் அது மாறும். இரண்டாம் வழியில் கிடைக்கும் 3 : 2 என்னும் விகிதம் வடிவத்தின் இயல்பு, கொடி எந்த அளவினதாயினும் அது மாறாது. பல செவ்வகங்களை ஒருங்கே ஆராயும்போது இரண்டாம் வழியே சிறந்தது. ஒரு செவ்வகத்தின் எல்லா அளவுகளையும் பெருக்கவோ சுருக்கவோ வேண்டுமெனில் முதல் வழி எளிது. குறுக்குப் பெருக்கலை மட்டும் அறிந்த மாணவருக்கு இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

ஒத்த பக்கத்தைத் தெளிவாகக் கூறாத வினாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் அமையும் என்பதும் நோக்கத்தக்கது. ‘6 செ.மீ., 4 செ.மீ. பக்கங்களையுடைய செவ்வகத்திற்கு வடிவொத்த செவ்வகத்தின் ஒரு பக்கம் 12 செ.மீ.; மற்றொரு பக்கம் யாது?’ என்னும் வினாவை எடுத்துக்கொள்ளலாம். 12 என்பது 6க்கு ஒத்ததாயின் விடை 8 செ.மீ. அது 4க்கு ஒத்ததாயின் விடை 18 செ.மீ. இரண்டும் சரியே. வினாவைத் தொடுப்பவர் ‘நீளம்’ என்றோ ‘அகலம்’ என்றோ குறிப்பிட வேண்டும்; அல்லது இரு விடைகளையும் எதிர்பார்க்க வேண்டும்.

குறுக்குப் பெருக்கலின் வடிவியல் அடிப்படை

குறுக்குப் பெருக்கல் ஓர் இயந்திரச் செயலாகத் தோன்றினாலும் அதற்குச் செவ்வகங்களைக் கொண்டே நிறுவல் உண்டு. யூக்ளிடின் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் 6ஆம் பகுதியில் 16ஆம் தேற்றம் இதனை இவ்வாறு அமைக்கிறது: நான்கு நேர்கோடுகள் விகிதசமத்தில் இருப்பின், முனைக்கோடுகளால் அமையும் செவ்வகம் நடுக்கோடுகளால் அமையும் செவ்வகத்திற்குச் சமம். அதாவது ‘பெருக்கற்பலன்’ என்று இன்று கூறப்படுவது அங்குச் செவ்வகத்தின் பரப்பாகவே கொள்ளப்பட்டது.

இதனை ஒரு படத்தின் வழி எளிதில் காட்டலாம். ஒரு பெரிய செவ்வகத்தை வரைந்து அதன் மூலைவிட்டத்தை இழுக்க வேண்டும். மூலைவிட்டத்தின் மேல் ஏதேனும் ஒரு புள்ளியைக் குறித்து, அதன் வழியே பக்கங்களுக்கு இணையாக இரு கோடுகள் வரைந்தால் நான்கு சிறு செவ்வகங்கள் உண்டாகும். அவற்றுள் இரண்டு மூலைவிட்டத்தின் மேல் அமைபவை. மற்ற இரண்டு அதன் இருபுறமும் அமைபவை. மூலைவிட்டம் பெரிய செவ்வகத்தை இரு சம முக்கோணங்களாகப் பிரிக்கிறது. தன்மேல் அமைந்த இரு சிறு செவ்வகங்களையும் அது அவ்வாறே சமமாகப் பிரிக்கிறது. சமமான பெரிய முக்கோணங்களிலிருந்து சமமான சிறிய முக்கோணங்களை நீக்கினால் எஞ்சுபவை சமமாகவே இருக்கும். ஆகவே இருபுறமும் உள்ள இரு செவ்வகங்களும் பரப்பால் சமம். இது யூக்ளிடின் 1ஆம் பகுதியில் 43ஆம் தேற்றமாகும்.

மூலைவிட்டத்தின் மேல் அமைந்த சிறு செவ்வகங்களின் நீள அகலங்கள் முறையே அ, ஆ எனவும் இ, ஈ எனவும் கொண்டால், இருபுறமும் உள்ளவற்றின் பரப்புகள் அ × ஈ, ஆ × இ ஆகும். அவை சமம் என்பதே அ × ஈ = ஆ × இ என்னும் குறுக்குப் பெருக்கல் விதி. 900 × 600 மி.மீ., 450 × 300 மி.மீ. என்னும் இரு கொடி அளவுகளைக் கொண்டு சோதித்தால், 900 × 300 = 2,70,000; 600 × 450 = 2,70,000.

இப்படத்திலிருந்து எண்களே தேவைப்படாத ஒரு சோதனையும் கிடைக்கிறது. இரு செவ்வகத் தாள்களை ஒரு மூலை பொருந்துமாறும், நீளத்தின் மேல் நீளம் அமையுமாறும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரிய தாளின் மூலைவிட்டத்தின் மேல் அளவுகோலைப் பொருத்த வேண்டும். சிறிய தாளின் எதிர்மூலை அக்கோட்டில் அமைந்தால் அவை வடிவொத்தவை. விலகி நின்றால் அல்ல. கணக்கீட்டிற்கு முன் இச்சோதனையைச் செய்து பழகும் மாணவருக்கு, விகிதசமத்தை எப்போது பயன்படுத்தலாம் என்பது கண்கூடாகிறது.

கூட்டல் வழிச் சிந்தனை

விகிதசமம் கற்பித்தல் பற்றிய ஆய்வுகளில் பரவலாகச் சுட்டப்படும் தவறு, பெருக்கல் உறவைக் கூட்டல் உறவாகக் கொள்வதாகும். பிரெஞ்சுக் கணிதக் கல்வியாளர் கீ புரூசோ (Guy என்பதன் ஒலிப்பு) வகுப்பறையில் பயன்படுத்திய புதிர் இதற்குப் பெயர் பெற்ற சான்று. ஒரு புதிர்ப்படத்தின் துண்டுகளைப் பெரிதாக்க வேண்டும், 4 செ.மீ. பக்கம் 7 செ.மீ. ஆக வேண்டும் என்பது நிபந்தனை. மாணவர்கள் இயல்பாகவே எல்லாப் பக்கங்களோடும் 3 செ.மீ. கூட்டினர். துண்டுகளைச் சேர்த்தபோது அவை பொருந்தவில்லை.

பொருந்தாமைக்குக் காரணம் எளிது. 4 செ.மீ., 5 செ.மீ. என்னும் இரு துண்டுகளை அடுத்தடுத்து வைத்தால் 9 செ.மீ. ஒவ்வொன்றுடனும் 3 கூட்டினால் 7 + 8 = 15 செ.மீ. ஆனால் எதிர்ப்புறம் ஒரே துண்டாக உள்ள 9 செ.மீ. பக்கம் 12 செ.மீ. மட்டுமே ஆகும். 4ஐ 7ஆக மாற்றும் 1.75 என்னும் காரணியால் பெருக்கினால் 7 + 8.75 = 15.75, 9 × 1.75 = 15.75. பெருக்கல் மட்டுமே பகுதிகளின் கூடுதலை முழுமையோடு பொருந்தச் செய்கிறது.

அன்றாட வழக்கிலும் இத்தவறு நேர்வதைக் காணலாம். 30 × 20 செ.மீ. படத்திற்கு நான்கு புறமும் 5 செ.மீ. அகலமுள்ள சட்டம் பொருத்தினால் வெளி அளவு 40 × 30 செ.மீ. ஆகிறது. உள்ளே 3 : 2, வெளியே 4 : 3. சீரான சட்டம் வடிவத்தை மாற்றிவிடுகிறது. வெளி அளவும் 3 : 2 ஆக அமைய வேண்டுமெனில், மேலும் கீழும் 5 செ.மீ. வைக்கும்போது இருபக்கமும் 7.5 செ.மீ. வைத்து 45 × 30 செ.மீ. ஆக்க வேண்டும்.

தேசியக் கொடியின் அளவுகள்: வடிவொத்த தன்மையின் எல்லை

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1 என்னும் தரநிலை, கொடியின் ஒன்பது அளவுகளையும் ஒவ்வொன்றிலும் அமைய வேண்டிய அசோகச் சக்கரத்தின் விட்டத்தையும் தருகிறது.

அட்டவணை: கொடி அளவும் சக்கரத்தின் விட்டமும் (மி.மீ.)

1. 6300 × 4200 – 1295
2. 3600 × 2400 – 740
3. 2700 × 1800 – 555
4. 1800 × 1200 – 370
5. 1350 × 900 – 280
6. 900 × 600 – 185
7. 450 × 300 – 90
8. 225 × 150 – 40
9. 150 × 100 – 25

ஒன்பது செவ்வகங்களும் 3 : 2 விகிதத்தில் பிழையின்றி அமைகின்றன. ஆகவே எந்த ஒரு பக்கத்தை மறைத்தாலும் விகிதசமத்தால் அதனைச் சரியாகக் காணலாம். சக்கரத்திற்கு இது பொருந்துமா என்பதே ஆராயத்தக்க வினா. 4ஆம் அளவை அடிப்படையாகக் கொண்டு, அகலம் 1200க்கு விட்டம் 370 என்னும் விகிதத்தைப் பிற அளவுகளுக்குப் பயன்படுத்தலாம். 1, 2, 3, 6 ஆகிய அளவுகளுக்குக் கணக்கிட்ட விடை அட்டவணை மதிப்போடு முற்றிலும் பொருந்துகிறது. 5ஆம் அளவுக்கு 277.5 கிடைக்கிறது, அட்டவணையில் 280. 7ஆம் அளவுக்கு 92.5; அட்டவணையில் 90. இவற்றை முழுமையாக்கலால் நேர்ந்த சிறு வேறுபாடுகளாகக் கொள்ளலாம்.

ஆனால் 8ஆம் அளவுக்குக் கணக்கிட்ட விடை 46.25, அட்டவணையில் 40. 9ஆம் அளவுக்குக் கணக்கிட்ட விடை ஏறத்தாழ 30.8, அட்டவணையில் 25. மோட்டார் வாகனங்களுக்கும் மேசைகளுக்கும் உரிய இவ்விரு சிறிய கொடிகளில் சக்கரம் விகிதசமம் கூறுவதைவிடச் சிறிதாகவே அமைகிறது. வெளிச்செவ்வகங்கள் வடிவொத்தவை, கொடியின் முழு உருவம் அவ்வாறன்று. ஓர் உருவின் எல்லைக்கோடு வடிவொத்ததாக இருப்பதால் அதன் உட்கூறுகளும் அதே காரணியால் மாறும் எனக் கொள்ளலாகாது என்பதற்கு இது தெளிவான சான்று.

கொடியின் வண்ணப்பட்டைகள் மற்றொரு பாடத்தைத் தருகின்றன. 1800 × 1200 கொடியில் ஒவ்வொரு பட்டையும் 1800 × 400 மி.மீ.; விகிதம் 9 : 2. பட்டையும் கொடியும் செவ்வகங்களே, ஒரே நீளமுடையனவே. எனினும் வடிவொத்தவை அல்ல. ஒரு கொடியின் பட்டையும் மற்றொரு கொடியின் பட்டையும் வடிவொத்தவை. ஆகவே எதனை எதனோடு ஒப்பிடுவது என்பதே முதல் வினாவாகிறது.

தாள் அளவுகள்: விகிதத்தையே காணுதல்

மேற்கண்ட சான்றில் விகிதம் முன்னரே தெரிந்தது. விகிதமே அறியப்படாத நிலையிலும் விகிதசமம் பயன்படும். ஒரு தாளை நீளவாட்டில் பாதியாக மடித்தால் கிடைக்கும் பாதித்தாள் முழுத்தாளுக்கு வடிவொத்ததாக இருக்க வேண்டும் எனக் கொள்வோம். முழுத்தாளின் அகலம் 1, நீளம் அ எனில், பாதித்தாளின் நீளம் 1, அகலம் அ/2. எனவே அ : 1 = 1 : அ/2. குறுக்கே பெருக்க, அ² = 2; அ = √2. இவ்வியல்புடைய தாளைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் லிச்டென்பெர்க் 1786இல் எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். இதனை அடிப்படையாகக் கொண்ட தாள் வரிசை ஜெர்மனியில் 1922இல் டின் 476 என்னும் தரநிலையாகவும், 1975இல் ஐ.எஸ்.ஓ. 216 என்னும் பன்னாட்டுத் தரநிலையாகவும் ஆனது.

ஏ4 தாள் 210 × 297 மி.மீ. ஏ3 தாளின் அகலம் 297 மி.மீ. எனில் அதன் நீளம் 297 × 297 ÷ 210. அதாவது ஏறத்தாழ 420.04. தரநிலை தரும் அளவு 420. இங்கு ஏ4 தாளின் நீளமாகிய 297 அப்படியே ஏ3 தாளின் அகலமாகிறது. எண் ஒன்றாக இருப்பதால் அவ்விரண்டையும் ஒத்த பக்கங்கள் எனக் கொண்டால் கணக்கு தவறிவிடும். ஏ4இன் 210க்கு ஒத்தது ஏ3இன் 297. ஏ4இன் 297க்கு ஒத்தது 420.

210 : 297 = 297 : 420 என்பதைச் சோதித்தால், முனைகளின் பெருக்கற்பலன் 88,200; நடு மதிப்புகளின் பெருக்கற்பலன் 88,209. இரண்டும் சமமல்ல. √2 விகிதமுறா எண் ஆதலால் முழு மில்லிமீட்டர்களில் எழுதப்படும் எந்த அளவும் இவ்விகிதத்தைத் துல்லியமாகத் தர இயலாது. அளவிடப்பட்ட பொருள்களில் விகிதசமம் ஏற்கத்தக்க பிழைக்கு உட்பட்டே உண்மையாகும் என்பதை இந்த 9 என்னும் வேறுபாடு உணர்த்துகிறது. அதே மடிப்பை 3 : 2 செவ்வகத்தில் செய்தால் பாதி 4 : 3 ஆகிவிடும் என்பதும் ஒப்புநோக்கத்தக்கது.

பக்க விகிதமும் பரப்பு விகிதமும்

பக்கங்கள் ஒரு காரணியால் மாறும்போது பரப்பு அக்காரணியின் வர்க்கத்தால் மாறும். 900 × 600 மி.மீ. கொடியின் பக்கங்களை இருமடங்காக்கினால் 1800 × 1200 மி.மீ. கொடி கிடைக்கும், அதற்குத் தேவையான துணி நான்கு மடங்கு. படியெடுக்கும் இயந்திரத்தில் ஏ4 தாளை ஏ3 ஆக்க 141 விழுக்காடு எனக் குறிப்பதும் இதனாலேயே. அது பக்கத்திற்குரிய காரணி. பரப்பு ஏறத்தாழ 200 விழுக்காடாகிறது. ஆகவே பரப்பு தரப்பட்டு அறியாப் பக்கம் வினவப்படும்போது, பரப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுத்த பின்னரே பக்கங்களுக்கான விகிதசமத்தை அமைக்க வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

1. செவ்வகங்களில் கோணச் சமன்பாடு வடிவொத்த தன்மைக்குச் சான்றாகாது; பக்க விகிதமே சான்றாகும். மூலைவிட்டச் சோதனை இதனைக் கணக்கீடின்றியே காட்டும்.

2. ஒத்த பக்கங்களைத் தீர்மானிக்காமல் விகிதசமத்தை அமைத்தால் ஒரே வினாவிற்கு இரு விடைகள் எழும். அளவால் சமமான பக்கங்கள் ஒத்த பக்கங்களாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஏ4, ஏ3 தாள்கள் சான்று.

3. வெளிச்செவ்வகத்தின் வடிவொத்த தன்மை உட்கூறுகளுக்குத் தானாகப் பொருந்தாது என்பதைத் தேசியக் கொடியின் சிறிய அளவுகளில் அமையும் சக்கரம் காட்டுகிறது.

4. கூட்டல் வழியில் பெரிதாக்கல் வடிவத்தைக் குலைக்கும்; பெருக்கல் வழியே வடிவத்தைக் காக்கும்.

5. பக்கத்திற்கான காரணியும் பரப்பிற்கான காரணியும் வேறு.

ஆகவே அறியாப் பக்கத்தைக் காணும் பயிற்சி, வடிவொத்தவையா என வினவுதல், ஒத்த பக்கங்களை இனங்காணுதல், விகிதசமத்தை அமைத்தல், கிடைத்த விடையை அளந்து சரிபார்த்தல் என்னும் வரிசையில் அமைதல் வேண்டும். குறுக்குப் பெருக்கல் இவற்றுள் மூன்றாம் படியின் ஒரு பகுதி மட்டுமே. முதல் இரு படிகளுக்கு வகுப்பறையில் உரிய நேரம் ஒதுக்கப்படுமாயின், எண்ணைக் கண்டறியும் மாணவர் அந்த எண் எதனைக் குறிக்கிறது என்பதையும் கூற வல்லவராவார்.